கேரவனை இழுத்துக்கிட்டு ஐரோப்பா சுத்த: குடும்பத்தோட போறவங்களுக்கு முழு வழிகாட்டி

இங்கிலாந்துல இருக்கற நம்ம குடும்பங்களுக்காக இதை எழுதறேன். ஜூலை கடைசியில ஸ்கூல் லீவு விட்டா செப்டம்பர் ஆரம்பம் வரைக்கும் ஆறு வாரம் கிடைக்குது, அந்த ஆறு வாரத்துல கேரவனை (காருக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி) மாட்டிக்கிட்டு பிரெஞ்சு துறைமுகம் கலேல இறங்கி பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா வழியா குரோஷியா கடற்கரை வரைக்கும் போய், திரும்பி வரும்போது இத்தாலி, சுவிஸ் வழியா வர்றதுதான் நான் சொல்லப்போற ரூட். மொத்தம் 3,200ல இருந்து 3,500 கிலோமீட்டர் வரும். கேக்கறதுக்கு பெருசா இருக்கும், ஆனா ஆறு வாரத்துக்கு பிரிச்சா ஒண்ணுமே இல்ல.

ஆரம்பத்துலயே ஒண்ணு சொல்லிடறேன், மீதி எல்லாமே இதுக்குள்ளதான் வருது. நிக்கற இடங்களோட எண்ணிக்கைய குறைங்க, ஒரே இடத்துல தங்குற நாளைக் கூட்டுங்க. காருல போறப்ப பத்து நாள்ல எட்டு ஊர் பாத்துடலாம், கேரவன்ல அப்படி பிளான் பண்ணா கேம்ப்சைட்ல ஆனிங் (கேரவன் பக்கவாட்டுல கட்டற துணிக் கூடாரம்) கட்டறதும் பிரிக்கறதுமே லீவா போயிடும், பிள்ளைங்க அங்க ஒரு ஃப்ரெண்ட் பிடிக்கறதுக்குள்ள கிளம்பச் சொல்லுவோம். கேரவனோட சுகமே காலையில எழுந்து கதவைத் திறந்தா ஏரி இருக்கறதுதான், அதை அனுபவிக்க நேரம் வேணும்ல.

விசாவும் பாஸ்போர்ட்டும், இது ஜனவரியிலயே ஆரம்பிக்கற வேலை

வீட்டுல ஒருத்தருக்கு இந்திய பாஸ்போர்ட், இன்னொருத்தருக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட்னு இருக்கறது நம்மள்ல ரொம்ப சகஜம். இங்க ஐஎல்ஆர் (நிரந்தரமா தங்கற அனுமதி) இருந்தாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா கண்டிப்பா வேணும். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடில இருந்தே அப்ளை பண்ணலாம், கடைசி பதினஞ்சு நாளுக்குள்ள போனா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா கோடை லீவுக்கான அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீந்துடும், அதனால பிப்ரவரி மார்ச்சுலயே பிடிச்சு வச்சுடுங்க. ஃபீஸ் பெரியவங்களுக்கு 90 யூரோ, ஆறுல இருந்து பதினொரு வயசு வரைக்கும் 45, அதுக்குக் கீழ இலவசம். குறைஞ்சது 30,000 யூரோ மெடிக்கல் கவர் இருக்கற டிராவல் இன்சூரன்ஸும் கேப்பாங்க.

எந்த நாட்டுக்கு அப்ளை பண்றதுன்னு குழப்பம் வரும். அதிக ராத்திரி எங்க தங்குறீங்களோ அந்த நாடுதான். அதனால முதல்ல கேம்ப்சைட் புக் பண்ணணும் (கேன்சல் பண்ணா பணம் திரும்பக் கிடைக்கற மாதிரி), அந்த கன்ஃபர்மேஷன் எல்லாத்தையும் தேதி வாரியா ஒரு பேப்பர்ல போட்டு கூட வைக்கணும். ஹோட்டல் மாதிரியே கேம்ப்சைட் புக்கிங்கும் தங்குமிட ஆதாரம்தான். குரோஷியா 2023 ஜனவரி 1ல இருந்து ஷெங்கனுக்குள்ள வந்துடுச்சு, யூரோவும் அன்னிக்கேதான், சுவிஸும் ஷெங்கன்தான், ஆக இந்த ரூட் முழுக்க ஒரே விசா போதும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரங்களுக்கு 180 நாள்ல 90 நாள்ங்கற கணக்கு. பாஸ்போர்ட் குடுத்து பத்து வருஷம் தாண்டியிருக்கக் கூடாது, திரும்பற தேதிக்கு அப்புறம் மூணு மாசம் செல்லுபடியாகணும். 2025 அக்டோபர்ல இருந்து இஇஎஸ்ங்கற எல்லைப் பதிவு முறை வந்திருக்கு, போட்டோவும், 12 வயசு ஆனவங்களுக்கு கைரேகையும் எடுப்பாங்க. டோவர்லயும் ஃபோக்ஸ்டன்லயும் பிரெஞ்சு செக்கிங் இந்தக் கரையிலயே நடக்குது, அதனால கூடுதல் நேரம் வச்சுக்கிட்டு போங்க. அப்பாவோ அம்மாவோ தனியா பிள்ளைங்களோட போறதா இருந்தா இன்னொருத்தர் கையெழுத்து போட்ட சம்மதக் கடிதம் ஒண்ணு வச்சுக்கறது நல்லது.

எடை, எடை, எடை

இந்த ஒரு விஷயத்துல மட்டும் தயவுசெஞ்சு அசால்ட்டா இருக்காதீங்க, உள்ள உக்காந்து வர்றது நம்ம பிள்ளைங்க.

லைசன்ஸ் பத்தி முதல்ல. 1997க்கு அப்புறம் டெஸ்ட் பாஸ் பண்ணவங்க முன்னெல்லாம் கனமான கேரவனுக்கு தனி டெஸ்ட் எழுதணும், 2021 டிசம்பர் 16ல இருந்து சாதா கார் லைசன்ஸ்லயே 3,500 கிலோ வரைக்கும் இழுக்கலாம். சட்டம் விட்டுடுச்சு, ஆனா அனுபவம் வராதுல்ல. கேரவன் கிளப்புங்க நடத்தற ஒரு நாள் டோயிங் கோர்ஸ் இருக்கு, போறதுக்கு முன்னாடி போய் ரிவர்ஸ் எடுக்கறதையாவது கத்துக்குங்க. ஓட்டப்போறது ரெண்டு பேருன்னா ரெண்டு பேருமே போகணும்.

அடுத்து காரும் கேரவனும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும். கேரவனோட அதிகபட்ச எடை, அதாவது பிளேட்ல எம்டிபிஎல்எம்னு போட்டிருக்கறது, காரோட கெர்ப் வெயிட்ல (ஆளும் சாமானும் ஏத்தாத எடை) 85 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு இங்க கிளப்புங்க எல்லாம் சொல்லும். அது சட்டம் இல்ல, ஆனா புதுசா இழுக்கறவங்க அதைத் தாண்டவே வேணாம். காரோட பிளேட்ல இருக்கற டிரெயின் வெயிட், அதாவது ரெண்டும் சேந்த அதிகபட்ச எடை, அதுதான் சட்டம்.

இப்ப நம்ம ஆளுங்க மாட்டற இடம் பேலோட். நிறைய பிரிட்டிஷ் கேரவன்ல சாமான் வைக்க கிடைக்கறது 150 கிலோ பக்கம்தான். அதுல பேட்டரி, கேஸ், ஆனிங், மோட்டார் மூவர் (நின்ன இடத்துல கேரவனை நகத்தற கருவி)னு பாதிக்கு மேல போயிடும். மீதியில துணி, பாத்திரம், பிள்ளைங்க சைக்கிள், அதுக்கு மேல இருபது கிலோ அரிசி மூட்டை வச்சா லிமிட் எங்கயோ போயிடும். அரிசி எல்லா நாட்டுலயும் கிடைக்குது, விட்டுடுங்க. சாமான் எல்லாம் ஏத்திட்டு பக்கத்துல இருக்கற பப்ளிக் வேபிரிட்ஜுக்கு ஒருதரம் போய் எடை போட்டுப் பாருங்க, சில பவுண்டுல முடிஞ்சிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிஸ்ல போலீஸ் ஓரங்கட்டி எடை போடறாங்க, அதிகமா இருந்தா ஃபைன் கட்டி சாமானை இறக்கிட்டுதான் நகர முடியும்.

ஏத்தற முறையும் முக்கியம். கனமானது எல்லாம் தரையில, சக்கரத்துக்கு நேர் மேல. மேல் லாக்கர்ல துணியும் பிஸ்கட்டும் மட்டும். பின்பக்கம் கனம் வச்சா கேரவன் பாம்பு மாதிரி ஆட ஆரம்பிச்சுடும். நோஸ் வெயிட், அதாவது டோபால் (காருக்குப் பின்னாடி கேரவனை மாட்டற குண்டு) மேல அழுத்தற எடை, கேரவன் எடையில 5ல இருந்து 7 சதவீதம் இருக்கணும், அதே சமயம் டோபார்ல (அந்தக் குண்டு இருக்கற கம்பி) போட்டிருக்கற லிமிட்டையும் தாண்டக் கூடாது. சின்ன கேஜ் ஒண்ணு விக்கறாங்க, வாங்கிக்குங்க. ரோட்டுல ஆட ஆரம்பிச்சா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க, ஸ்டீயரிங்க நேரா பிடிங்க, சடார்னு பிரேக் அடிக்காதீங்க, எதிர்பக்கம் ஒடிக்காதீங்க.

டயர் தேயலன்னாலும் வயசாகும். பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், 2321ன்னா 2021ல 23வது வாரம் செஞ்சது. அஞ்சு வருஷம் ஆச்சுன்னா மாத்திடுங்க, ஏழு வருஷ டயரோட ஆல்ப்ஸ் பக்கம் போகவே கூடாது. வீல் நட் டார்க் ரென்ச் கையோட எடுத்துட்டுப் போங்க. சக்கரத்தைக் கழட்டி மாட்டினா அம்பது கிலோமீட்டர் ஓட்டின உடனே மறுபடி செக் பண்ணணும்.

பேப்பரும் ரோட்டுக்கான சாமானும்

காரோட லாக் புக் ஒரிஜினல், இன்சூரன்ஸ், லைசன்ஸ், ஜிஹெச்ஐசி கார்டு (வெளிநாட்டுல அரசு வைத்தியத்துக்கு). கிரீன் கார்டு (வெளிநாட்டு இன்சூரன்ஸ் சான்று) 2021 ஆகஸ்ட்ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்கு தேவையில்ல. ஆனா கார் இன்சூரன்ஸ் கேரவனோட கவர் ஆகுதான்னு, தனியா கேரவன் இன்சூரன்ஸ் வெளிநாட்டுல எத்தனை நாளுக்குன்னு போன் பண்ணி கேட்டுக்குங்க. பிரேக்டவுன் கவர் எடுக்கும்போது நீளம், எடை லிமிட் எழுதியிருப்பாங்க, நிறைய பாலிசியில 7 மீட்டர்னு இருக்கும், உங்க கேரவன் அதைவிட நீளம்னா ரோட்டுல நின்னா காரை மட்டும் தூக்கிட்டுப் போவாங்க, அந்த வரிய தேடிப் படிங்க.

காருக்குப் பின்னாடியும் கேரவனுக்குப் பின்னாடியும் யுகே ஸ்டிக்கர் வேணும், பழைய ஜிபி ஸ்டிக்கர் 2021 செப்டம்பரோட போச்சு. எதிர்ல வர்றவங்க கண்ணு கூசாம இருக்க ஹெட்லைட்டுக்கு டிஃப்ளெக்டர், எல்லாருக்கும் ரிஃப்ளெக்டிவ் வெஸ்ட் (பூட்ல இல்ல, சீட் பக்கத்துல), ஃபர்ஸ்ட் எய்ட், எக்ஸ்ட்ரா பல்பு, டோயிங் மிரர். டிரெய்லர் இழுத்தா குரோஷியால ரெண்டு வார்னிங் டிரையாங்கிள் கேக்கறாங்க. பின்னாடி சைக்கிள் ரேக் இருந்தா இத்தாலியில சிவப்பு வெள்ளை கோடு போட்ட 50க்கு 50 சென்டிமீட்டர் பலகை மாட்டணும். பூஸ்டர் சீட்டுக்கு இங்க 135 சென்டிமீட்டர் கணக்கு, ஜெர்மனியும் இத்தாலியும் 150ன்னு சொல்றாங்க, அதனால கொஞ்சம் வளந்த பிள்ளைக்கும் எடுத்துட்டுப் போங்க. ஓடும்போது கேரவனுக்குள்ள யாரும் இருக்கக் கூடாது, தூங்கற குழந்தையா இருந்தாலும் சரி.

ரூட்டை நாளா பிரிக்கறது

என்னோட கணக்கு ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர், அதிகபட்சம் 350. ரெண்டு நாள் ஓட்டினா ஒரு நாள் வண்டியத் தொடக் கூடாது. கேரவனோட சராசரி மணிக்கு 70 கிலோமீட்டர் வந்தா பெரிய விஷயம், பிள்ளைங்களுக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் நிறுத்தணும், ஆக 300ங்கறது ஆறு மணி நேரம். காலையில ஒன்பதரைக்கு கிளம்பினா மூணரை நாலுக்கு போய் சேரலாம். ஒரு மணிக்கே போய் நிக்காதீங்க. ஜெர்மனி, ஆஸ்திரியா, இத்தாலியில நிறைய கேம்ப்சைட்ல மத்தியானம் ஒண்ணுல இருந்து மூணு வரைக்கும் ஓய்வு நேரம்னு கேட்டை மூடி வச்சுடுவாங்க.

யூரோடனல்ல முப்பத்தஞ்சு நிமிஷம், டோவர் ஃபெர்ரி ஒன்றரை மணி நேரம். டனல்ல கேஸ்ல ஓடற வண்டிய ஏத்த மாட்டாங்க, ஆனா கேரவன் சமையல் சிலிண்டர் வால்வை மூடி வச்சா பிரச்சனை இல்ல. கலேல இறங்கின அன்னிக்கு ரெய்ம்ஸ் (270 கிலோமீட்டர்), அங்க இருந்து ஸ்ட்ராஸ்பூர் (350, பிள்ளைங்க படுத்தினா நடுவுல மெட்ஸ்ல தங்கிடலாம்), அப்புறம் உல்ம், அப்புறம் சால்ஸ்பர்க், அப்புறம் ஸ்லோவேனியாவோட பிளெட். ரெய்ம்ஸ் ஒரே ராத்திரி, ஸ்ட்ராஸ்பூர்ல ரெண்டு மூணு, சால்ஸ்பர்க் பக்கம் ஒரு வாரம், பிளெட்ல ஒரு வாரம்னு போடுங்க.

பிளெட் ஏரியோட மேற்குக் கரையிலயே கேம்ப்சைட் இருக்கு, ஏரியச் சுத்தி ஆறு கிலோமீட்டர் நடைபாதை, பாட்டி தாத்தா கூட வந்தாலும் நடக்கலாம். அங்க இருந்து குரோஷியா போற வழியில போஸ்டோய்னா குகை, உள்ள சின்ன டிரெயின்ல கூட்டிட்டுப் போவாங்க, வெளிய 32 டிகிரி அடிச்சாலும் உள்ள 10 டிகிரிதான், ஸ்வெட்டர மறக்காதீங்க. அப்புறம் குரோஷியாவோட இஸ்திரியா கடற்கரை, ரோவின்ய் அல்லது போரெச் பக்கம், பத்து நாளாவது. கடல் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும் ஆனா கரை பாறை, கடல் முள்ளெலி குத்தும், எல்லாருக்கும் தண்ணி செருப்பு வாங்குங்க. புலாவுல ரோமானியங்க கட்டின ஆம்பிதியேட்டர் ஒரு நாள் பாத்துட்டு வரலாம்.

திரும்பும்போது வெனிஸுக்கு எதிர்ல கவால்லினோ, அங்க மணல் கடற்கரை, ஆழமே இல்ல, சின்னப் பிள்ளைங்களுக்கு இதைவிட நல்ல இடம் நான் பாக்கல. புன்டா சப்பியோனில இருந்து படகு ஏறினா நேரா சான் மார்கோ, கேரவனும் காரும் கேம்ப்சைட்லயே இருக்கட்டும். அப்புறம் கார்டா ஏரியோட தெற்கு முனை, லூசெர்ன், கொல்மார், லக்ஸம்பர்க், கலே. பாரிஸ்ல லா ஷப்பேல் போய் தோசை சாப்பிடணும், மளிகை வாங்கணும்னு ஆசை இருந்தா கேரவனை ஊருக்கு வெளிய கேம்ப்சைட்ல விட்டுட்டு டிரெயின்ல போங்க, அந்தத் தெருவுக்குள்ள இழுத்துட்டு போகவே முடியாது.

சனிக்கிழமை ஓட்டாதீங்க. பிரான்ஸ்ல பிசோன் ஃபுட்டேன்னு அரசாங்கமே டிராஃபிக் கணிப்பு போடுது, பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கருப்புன்னு, ஆகஸ்ட் ஆரம்ப சனிக்கிழமைங்க பெரும்பாலும் கருப்பாதான் வரும். செவ்வாய், புதன்ல நகருங்க.

ஸ்பீடும் டோலும்

பிரான்ஸ்ல காரும் கேரவனும் சேந்த மொத்த எடை 3.5 டன் தாண்டினா மோட்டார்வேல மணிக்கு 90 கிலோமீட்டர், குறைவா இருந்தா சட்டப்படி 130, ஆனா கேரவனோட 90லயே போங்க. வண்டி 7 மீட்டருக்கு மேல நீளம்னா மூணு லேன் ரோட்டுல இடது ஓர லேனுக்கு போகக் கூடாது. ஜெர்மனியில 80, நூறு கிலோமீட்டர் சான்றிதழ் வாங்கின கேரவனுக்கு மட்டும் 100. ஆஸ்திரியாவுல 3.5 டன் தாண்டினா 80. சுவிஸ்ல 2021ல இருந்து 100. இத்தாலியில மோட்டார்வேல 80. குரோஷியால 90.

பிரான்ஸ் டோல்ல காரும் கேரவனும் சேந்து கிளாஸ் 2, டேக் ஒண்ணு முன்னாடியே வாங்கிட்டா வலது கை ஸ்டீயரிங்க வச்சுக்கிட்டு ஜன்னல் வழியா எட்டி எட்டி டிக்கெட் எடுக்கற தொல்லை இல்ல. ஆஸ்திரியால காரோட வின்யெட் (மோட்டார்வே கட்டண பாஸ்) கேரவனுக்கும் சேத்துதான், ஸ்லோவேனியாலயும் அப்படித்தான், ரெண்டையும் ஆன்லைன்ல அரசு தளத்துல மட்டும் வாங்குங்க. சுவிஸ்ல மட்டும் வேற, காருக்கு 40 பிராங்க், கேரவனுக்கு தனியா 40 பிராங்க்.

ஆல்ப்ஸ் தாண்டற நாள்

போகும்போது சால்ஸ்பர்க்ல இருந்து டாவெர்ன் மோட்டார்வே ஏ10. வின்யெட் இருந்தாலும் சுரங்கத்துக்கு தனி டோல் உண்டு. ஃபில்லாக்ல இருந்து ஸ்லோவேனியாவுக்கு கரவாங்கன் சுரங்கம், அதுக்கும் தனி டோல், கோடை வார இறுதியில வாயில்ல மணிக்கணக்கா நிக்க வேண்டியிருக்கும். வரைபடத்துல பக்கத்துல வுர்சன் பாஸ்னு குட்டி ரோடு காட்டும், 18 சதவீத ஏத்தம், கேரவனோட அந்தப் பக்கமே திரும்பாதீங்க. அதுக்குப் பதிலா ஃபில்லாக்ல இருந்து இத்தாலி தார்விசியோ போய் அங்க இருந்து கிரான்ஸ்கா கோரா வழியா இறங்கறது சுலபமான ரோடு, சுரங்கத்துக்கு காசும் இல்ல, மலை காட்சியும் அருமை.

திரும்பும்போது பிரென்னர் (இத்தாலிக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவுல இருக்கற கணவாய்) வேணாம்னு சொல்லுவேன், அங்க லூக் பாலம் வேலை நடக்கறதால 2025ல இருந்து பல நாள் ஒரு லேன்தான். கோட்ஹார்ட் சுரங்கம் நல்லது, கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர், வின்யெட்டுக்கு மேல காசு இல்ல, ஆனா வார நாள்ல காலையிலயே போய் சேரணும், இல்லன்னா ஐரோலோவுல நீண்ட வரிசை.

டிராஃபிக் ஜாம்னா மேப் ஆப் கிராமத்து ரோட்டுல இறங்கச் சொல்லும். ஆஸ்திரியாவோட டிரோல்லயும் சால்ஸ்பர்க் பக்கமும் கோடை வார இறுதியில வெளியூர் வண்டி அப்படி இறங்கறது தடை, போலீஸ் திருப்பி அனுப்புவாங்க. மோட்டார்வேலயே இருங்க. இறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராதீங்க, கியர குறைச்சு என்ஜினே பிடிச்சு இறக்கட்டும்.

கேம்ப்சைட்டும் கரண்டும்

இஸ்திரியா, கவால்லினோ, பிளெட் இந்த மூணும் ஜனவரிக்குள்ள புக் ஆகணும், ஆகஸ்ட்ல பெரிய சைட்ல ஒரு ராத்திரிக்கு நூறு யூரோ பக்கம் போறது சாதாரணம். பிரான்ஸ்ல ஊராட்சி நடத்தற முனிசிபல் கேம்ப்சைட் விலை குறைவு, சுத்தமா இருக்கும், ஒரு ராத்திரி தங்கலுக்கு அதுதான் சரி. மோட்டார்வே ஓரத்துல படுத்துத் தூங்கறது வேண்டவே வேண்டாம், திருட்டு நடக்குது. குரோஷியாலயும் ஸ்லோவேனியாலயும் கேம்ப்சைட்டுக்கு வெளிய தங்கினா ஃபைன்.

புக் பண்ணும்போது எத்தனை ஆம்ப்னு பாருங்க. 6 ஆம்ப்னா 1,380 வாட்ஸ்தான், வீட்டு கெட்டில போட்டா ட்ரிப் ஆயிடும். 10 ஆம்ப்ல 2,300 வாட்ஸ், மிக்ஸியோ ரைஸ் குக்கரோ ஒண்ணொண்ணா போட்டா ஓடும். பழைய பிரெஞ்சு சைட்டுக்கு ரெண்டு பின் அடாப்டரும், வயர் மாறியிருக்கான்னு பாக்கற பொலாரிட்டி டெஸ்டரும் வேணும். இங்க வாங்கின சிலிண்டரை அங்க மாத்தித் தர மாட்டாங்க, ரெண்டு ஃபுல் சிலிண்டர் கோடைக்கு போதும், இல்லன்னா கேம்பிங்காஸ் எல்லா நாட்டுலயும் கிடைக்குது.

சமையல்

நம்ம சாப்பாடு இருந்தா பிள்ளைங்க ஆறு வாரமும் சந்தோஷமா இருப்பாங்க, அதனால இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. மூணு லிட்டர் குக்கர், ஒரு தவா, ஒரு கடாய். சாம்பார் பொடி, ரசப் பொடி, புளி, பருப்பு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் எடுத்துட்டுப் போகலாம். ஆனா பிரிட்டன்ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்குள்ள இறைச்சியும் பால் பொருளும் கொண்டு போகக் கூடாது, நெய், பனீர், தயிர், வழியில சாப்பிட கட்டின சிக்கன் பிரியாணி வரைக்கும் இதுல அடங்கும். கறிவேப்பிலை மாதிரி பச்சை இலைங்களுக்கும் சான்றிதழ் கேப்பாங்க, தேங்காய்க்கு வேண்டாம். போன உடனே வெண்ணெய் வாங்கி நெய் உருக்கிக்குங்க. கறிவேப்பிலை, இட்லி அரிசி தீந்தா சுவிஸ் பெரிய ஊர் எல்லாத்துலயும் ஈழத் தமிழர் கடை இருக்கு, பாரிஸ்லயும் ஜெர்மனியிலயும் உண்டு, வழியில எங்கன்னு முன்னாடியே குறிச்சு வச்சுக்குங்க.

தாளிப்பையும் பொரிக்கறதையும் வெளிய ஆனிங்குக்கு முன்னாடி தனி ஸ்டவ்ல வைங்க, உள்ள தாளிச்சா மெத்தையில ஏறின வாசனை ஊர் வர்ற வரைக்கும் போகாது. குரோஷியா கோடையில காய்ஞ்சு கிடக்கும், அங்க கரி அடுப்பு வேணாம், கேஸ் மட்டும்.

திரும்பி வரும்போதும் இதே கணக்குதான். 2025 ஏப்ரல்ல இருந்து யூனியன்ல இருந்து பிரிட்டனுக்கு மாடு, ஆடு, பன்னி இறைச்சி, சீஸ், பால் எதையும் தனிப்பட்ட உபயோகத்துக்குக் கூட கொண்டு வர முடியாது, அதனால லக்ஸம்பர்க்ல ஃப்ரிட்ஜைக் காலி பண்ற மாதிரி கடைசி வாரம் சமைங்க, அங்கயே டேங்கையும் நிரப்பிக்குங்க, கலே போறதுக்கு முன்னாடி டாய்லெட் கேசட்டை கேம்ப்சைட்லயே கொட்டிக் கழுவிடுங்க, போர்ட்ல அதுக்குன்னு இடம் தேடி அலைய முடியாது.